கீமோவா, லுட்டீசியமா? புராஸ்டேட் புற்றுநோயில் அடுத்த படியைத் தேர்ந்தெடுப்பது எப்படி

ஹார்மோன் ஊசி போட்டும், ரத்தத்தில் நோயின் அளவைக் காட்டும் பிஎஸ்ஏ ஏறிக்கொண்டே போகிறது. எலும்பில் புதிதாக இரண்டு மூன்று இடங்களில் நோய் தெரிகிறது. மாத்திரையை மாற்றிப் பார்த்தாயிற்று. அதுவும் சில மாதங்கள்தான் தாங்கியது. பெரும்பாலான வீடுகளில் இந்தக் கட்டத்தில்தான் ‘லுட்டீசியம்’ என்ற கதிரியக்க ஊசியின் பெயர் முதன்முதலாகக் காதில் விழுகிறது. ஒரு மருத்துவர் கீமோ தொடங்கலாம் என்கிறார். இன்னொருவர் லுட்டீசியம் பார்க்கலாமே என்கிறார். உறவுக்காரர் யாரோ ஆக்டினியம் என்று ஒன்று வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். அப்பாவுக்கு எதைச் செய்வது என்று வீடே கையைப் பிசைகிறது.

கீமோ என்றாலே நம் வீடுகளில் ஒரு பயம் இருக்கிறது. லுட்டீசியத்துக்கு அந்தக் கெட்ட பெயர் இல்லை. ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஒரு ஊசி, முடி கொட்டாது, புதிய சிகிச்சை என்று கேள்விப்பட்டதும் மனம் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறது. சாய்வதில் தவறில்லை. ஆனால் இந்தக் கட்டுரையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: ‘எது நல்லது’ என்று கேட்பதற்கு முன்னால் ‘அப்பாவின் நோய் லுட்டீசியத்துக்குப் பிடிகொடுக்குமா’ என்று கேட்க வேண்டும். அதற்குப் பதில் பெட் ஸ்கேனில் இருக்கிறது. அந்தப் பதில் வந்த பிறகு எதை முதலில், எதை அடுத்து என்ற வரிசையைத்தான் முடிவு செய்கிறோம். ஒன்றை எடுத்தால் இன்னொன்றை அடியோடு விட வேண்டும் என்பது பெரும்பாலானவர்களுக்கு இல்லை.

இங்கே பேசுவது, உடலின் வேறு இடங்களுக்குப் பரவி, ஹார்மோன் சிகிச்சையையும் மீறி வளரும் புராஸ்டேட் புற்றுநோயைப் பற்றி மட்டும். புராஸ்டேட்டுக்குள்ளேயே அடங்கியிருக்கும் நோய்க்கு வழிகள் வேறு.

லுட்டீசியம் உள்ளே போய் என்ன செய்கிறது

லுட்டீசியம் அருமண் தனிமங்களின் வரிசையில் கடைசி, அணு எண் 71. 1907இல் பாரிஸில் ஜார்ஜ் உர்பேன் இதைப் பிரித்துக் காட்டினார். அதே காலத்தில் ஆஸ்திரியாவில் கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக்கும் அமெரிக்காவில் சார்லஸ் ஜேம்ஸும் தனித்தனியே அதை எட்டியிருந்தார்கள். பூமியின் மேலோட்டில் வெள்ளியைவிட இது அதிகம்தான். ஆனால் எங்கும் குவியலாகக் கிடைக்காது. மற்ற அருமண்களோடு பிணைந்தே கிடக்கும், பிரிப்பது பெரும்பாடு. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் எடுக்கும் மோனசைட் மணலிலும் அருமண்கள் உண்டு. ஆனால் அதில் சீரியம், லாந்தனம் போன்ற லேசான வகைகள்தான் நிறைய. லுட்டீசியம் பெயருக்குத்தான் இருக்கும்.

சிகிச்சைக்குப் பயன்படுவது அணு உலையில் தயாராகும் லுட்டீசியம்-177. இதன் அரை ஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறையும் காலம், 6.65 நாள். இது வெளிவிடும் பீட்டா துகள் உடல் திசுவுக்குள் அதிகபட்சம் 2 மில்லிமீட்டர் அளவுதான் போகும். இந்த 2 மில்லிமீட்டர் ரொம்ப முக்கியம். இதே வேலைக்குப் பயன்படும் இட்ரியம்-90இன் துகள் 11 மில்லிமீட்டர் வரை போய், பக்கத்தில் இருக்கும் நல்ல திசுவையும் தொடும். தைராய்டுக்குக் கொடுக்கும் அயோடின்-131 பலமான காமா கதிரையும் சேர்த்து வெளிவிடுவதால் நோயாளியை அதிக நாள் தனியே வைக்க வேண்டிவரும். லுட்டீசியம் இரண்டுக்கும் நடுவில் நன்றாகப் பொருந்துகிறது. அதன் காமா கதிர் கொஞ்சம்தான், அதுவும் மிதமான 208 கிலோ எலக்ட்ரான் வோல்ட். ஆனால் காமா கேமராவில் படம் எடுக்க அது போதும். ஊசி போட்ட மறுநாள் படம் எடுத்தால் மருந்து எங்கெங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிடலாம். கீமோவில் இந்த வசதி கிடையாது.

லுட்டீசியம் தானாகப் புற்றுநோயைத் தேடிப் போகாது. புராஸ்டேட் புற்றுச் செல்களின் மேற்பரப்பில் பிஎஸ்எம்ஏ என்ற புரதம் நிறைய இருக்கும். அந்தப் புரதத்தில் போய் ஒட்டிக்கொள்ளும் ஒரு சிறு மூலக்கூறு, அதோடு சேர்ந்த டோட்டா என்ற வேதிக் கூண்டு, கூண்டுக்குள் லுட்டீசியம் அயனி. இதுதான் மருந்து. வழக்கமான ஒரு டோஸ் 7.4 கிகா பெக்கரல், பழைய கணக்கில் 200 மில்லிகியூரி. எடை என்று பார்த்தால் அதில் இருக்கும் லுட்டீசியம்-177 இரண்டு மைக்ரோகிராம்கூட வராது. கண்ணுக்கே தெரியாத அந்த அளவுதான் முதுகெலும்பிலும் இடுப்பிலும் பரவிய நோயோடு மோதுகிறது.

முதலில் ஸ்கேன்

நோய்ச் செல்லில் பிஎஸ்எம்ஏ இல்லையென்றால் இந்த மருந்து ஒட்டிக்கொள்ள இடமே இல்லை. அப்படிப்பட்டவருக்கு லுட்டீசியம் போட்டால் பணமும் நேரமும்தான் போகும், நோய் அதன் போக்கில் வளரும். அதனால்தான் காலியம்-68 போன்ற கதிர்வீசும் பொருள்களை வைத்து எடுக்கும் பிஎஸ்எம்ஏ பெட் ஸ்கேன் இந்த முடிவின் முதல் படி. இன்றைய பல பெட் ஸ்கேனர்களில் கதிரைப் பிடிக்கும் படிகமே லுட்டீசியம் சேர்ந்ததுதான். கனமான படிகம், கதிர் பட்டதும் நொடியில் பல கோடியில் ஒரு பங்கு நேரத்தில் மின்னி அணைந்துவிடும். ஒரே தனிமம் நோயைக் காட்டிக்கொடுக்கவும் செய்கிறது, நோயைத் தாக்கவும் செய்கிறது. எனக்கு அது எப்போதும் வியப்புதான்.

ஸ்கேன் அறிக்கையில் ‘பிஎஸ்எம்ஏ பாசிட்டிவ்’ என்று இருந்தால் மட்டும் போதாது. எவ்வளவு பாசிட்டிவ், எல்லா இடத்திலுமா என்று கேளுங்கள். ஆஸ்திரேலியாவில் நடந்த தெராபி என்ற ஆய்வில் 291 பேரைச் சோதித்து 200 பேரைத்தான் சேர்த்தார்கள். விடுபட்டவர்களில் பெரும்பாலானோருக்குக் காரணம் ஸ்கேன்தான். சிலருக்கு பிஎஸ்எம்ஏ குறைவு. சிலருக்கு சர்க்கரையை வைத்து எடுக்கும் எஃப்டிஜி பெட் ஸ்கேனில் பளிச்சென்று தெரிந்த கட்டி, பிஎஸ்எம்ஏ ஸ்கேனில் தெரியவே இல்லை. அந்த மாதிரிக் கட்டிதான் ஆபத்தானது. வேகமாக வளரும், லுட்டீசியத்துக்குப் பிடிகொடுக்காது. முக்கியமாகக் கல்லீரலில் நோய் இருப்பவர்கள் இரண்டு ஸ்கேனையும் எடுத்துவிடுவது நல்லது என்பது என் கருத்து. செலவு கூடும்தான். ஆனால் தவறான பாதையில் நான்கு மாதம் போவதைவிட அது எவ்வளவோ மேல்.

இரண்டு ஸ்கேனும் பொருந்தவில்லை என்றால் விஷயம் அங்கேயே முடிந்தது. கீமோதான் வழி. வருத்தப்பட ஒன்றுமில்லை, கீமோவுக்கு பிஎஸ்எம்ஏ தேவையில்லை.

கீமோ எடுத்து முடித்தவர்களுக்கு

ஆதாரம் அதிகம் இருப்பது இந்தக் கட்டத்துக்குத்தான். அப்பா ஏற்கெனவே முதல் கீமோவான டோசிடாக்செல் எடுத்தாயிற்று, நோய் மறுபடி வந்துவிட்டது. இப்போது இரண்டாவது கீமோவான கபாசிடாக்செலா, லுட்டீசியமா?

2021இல் வெளியான விஷன் ஆய்வை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். 831 பேர். வழக்கமான சிகிச்சையோடு லுட்டீசியமும் சேர்த்துப் பெற்றவர்களின் சராசரி ஆயுள் 15.3 மாதம்; லுட்டீசியம் பெறாதவர்களுக்கு 11.3 மாதம். நான்கு மாதக் கூடுதல். 2022 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது இதை வைத்துத்தான். ஆனால் இந்த எண்ணைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஒப்பிட்ட பக்கத்தில் இருந்த ‘வழக்கமான சிகிச்சை’யில் கீமோ கிடையாது. ஆகவே கீமோவைவிட லுட்டீசியம் நான்கு மாதம் கூடுதல் என்று யாராவது சொன்னால், விஷன் அப்படிச் சொல்லவில்லை.

நேருக்கு நேர் ஒப்பிட்டது மேலே சொன்ன தெராபி ஆய்வு. பிஎஸ்ஏ பாதிக்கு மேல் குறைந்தவர்கள் லுட்டீசியம் பக்கம் 66 சதவீதம், கபாசிடாக்செல் பக்கம் 37 சதவீதம். கடுமையான பக்கவிளைவு வந்தவர்கள் லுட்டீசியம் பக்கம் 33 சதவீதம், கபாசிடாக்செல் பக்கம் 53. இதைப் பார்த்தால் லுட்டீசியம் தெளிவாக ஜெயித்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் மூன்று ஆண்டு காத்திருந்து ஆயுளைக் கணக்கிட்டபோது இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒன்றாக, 19 மாதத்தை ஒட்டியே இருந்தது.

இந்த முடிவை நான் இப்படி எடுத்துக்கொள்கிறேன். ஸ்கேன் பொருந்தினால் லுட்டீசியத்தை முதலில் எடுப்பதில் நஷ்டம் இல்லை. ஆயுள் ஒரே அளவு என்றால், அந்த மாதங்கள் எப்படிக் கழிகின்றன என்பது பெரிய விஷயம். கீமோவில் வெள்ளணு குறைந்து காய்ச்சல் வந்து நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்கு ஓடுவது, வயிற்றுப்போக்கு, விரல் நுனி மரத்துப்போவது, எழுந்து நடக்க முடியாத அசதி என்று பல தொல்லைகள் உண்டு. எழுபது வயதைத் தாண்டியவருக்கு இவை சின்ன விஷயம் அல்ல. லுட்டீசியத்துக்குப் பிறகு நோய் மறுபடி தலைதூக்கினால் கபாசிடாக்செல் இன்னும் கையில் இருக்கிறது. அதேபோல, ஸ்கேனில் பிஎஸ்எம்ஏ அரைகுறையாக இருந்தால் கீமோவை முதலில் எடுப்பதற்கு இந்த ஆய்வே ஒரு நல்ல நியாயம்: ஆயுளில் நீங்கள் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை.

லுட்டீசியத்துக்கும் பக்கவிளைவு உண்டு. உமிழ்நீர்ச் சுரப்பிகளும் இந்த மருந்தை இழுத்துக்கொள்வதால் வாய் வறளும். விஷன் ஆய்வில் பத்தில் நான்கு பேருக்கு இது வந்தது, பெரும்பாலும் லேசாக. வாய் வறண்டவருக்கு ஊறுகாயும் காரக்குழம்பும் எரியும், சப்பாத்தி தொண்டையில் நிற்கும்; ரசம், மோர், கஞ்சி என்று மாற வேண்டியிருக்கும். ரத்த அணுக்கள் குறையலாம். எலும்பு முழுக்க நோய் பரவியவருக்கு இது அதிகம். ஹீமோகுளோபின், பிளேட்லெட், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் மூன்றும் ஒவ்வொரு ஊசிக்கு முன்பும் பார்க்கப்படும். மருந்து சிறுநீர் வழியே வெளியேறுவதால், சிறுநீர் அடைப்பு இருந்தால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டுத்தான் ஊசி.

கீமோ இன்னும் எடுக்காதவர்களுக்கு

வீட்டில் சண்டை நடப்பது பெரும்பாலும் இதற்குத்தான். கீமோவே வேண்டாம், நேராக லுட்டீசியத்துக்குப் போய்விடலாமா?

டோசிடாக்செலை லேசாக நினைக்கக் கூடாது. இந்த நோயில் ஆயுளைக் கூட்டும் என்று 2004இலேயே நிரூபித்த கீமோ அது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை எடுத்தவர்களின் சராசரி ஆயுள் 18.9 மாதம்; அதற்கு முன்பு கொடுத்துவந்த மைட்டோசான்ட்ரோனில் 16.5. மருந்து எந்த ஊரிலும் கிடைக்கும், விலை குறைவு, கொடுத்துப் பழகிய மருத்துவர்கள் இருக்கிறார்கள்.

மறுபக்கம், கீமோவுக்கு முன்பே லுட்டீசியம் கொடுத்துப் பார்த்த பிஎஸ்எம்ஏஃபோர் ஆய்வில், நோய் ஸ்கேனில் வளராமல் நின்ற காலம் 11.6 மாதம், ஹார்மோன் மாத்திரையை மட்டும் மாற்றியவர்களுக்கு 5.6 மாதம். இதை வைத்து 2025 மார்ச்சில் அமெரிக்கா, கீமோவைத் தள்ளிப்போடலாம் என்று கருதப்படுபவர்களுக்கும் அனுமதி கொடுத்தது. இங்கும் ஒப்பிட்டது மாத்திரை மாற்றத்தோடுதான், கீமோவோடு அல்ல. ஆயுளில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. மாத்திரைப் பக்கம் இருந்தவர்களில் பலர் பிறகு லுட்டீசியத்துக்கு மாறியதும் அதற்கு ஒரு காரணம்.

டோசிடாக்செலோடு நேரடியாக ஒப்பிட்ட ஒரு சிறிய ஆய்வு நம் நாட்டிலேயே, சண்டிகர் பிஜிஐ மருத்துவமனையில் நடந்தது. 40 பேர். பிஎஸ்ஏ நன்றாக இறங்கியவர்கள் லுட்டீசியத்தில் 60 சதவீதம், கீமோவில் 40. லுட்டீசியம் கீமோவுக்குக் குறைந்ததல்ல என்று காட்டிய நல்ல முயற்சி. ஆனால் 40 பேரை வைத்து ஆயுளைப் பற்றி முடிவு கட்ட முடியாது.

என் பரிந்துரை இதுதான். அப்பா நடமாட்டத்தோடு நன்றாக இருக்கிறார், கல்லீரலிலோ நுரையீரலிலோ நோய் பரவியிருக்கிறது, பிஎஸ்ஏ வேகமாக ஏறுகிறது என்றால் டோசிடாக்செல் முதலில். உடலில் தெம்பு இருக்கும்போது கீமோவைத் தாங்கலாம். தள்ளிப்போட்டுத் தெம்பு குறைந்த பிறகு அந்த வாய்ப்பே போய்விடக்கூடும். நோய் எலும்பிலும் நிணநீர்க் கணுக்களிலும் மட்டும், ஸ்கேனில் எல்லா இடமும் பிரகாசம், வயது கூடுதல், இதயமோ நரம்போ ஏற்கெனவே பலவீனம் என்றால் லுட்டீசியத்தை முன்னால் கொண்டுவரக் கேட்பது நியாயமானது. கீமோவைப் பற்றிய பயம் மட்டுமே காரணம் என்றால், முதலில் அந்தப் பயத்தைப் பற்றி மருத்துவரிடம் மனம்விட்டுப் பேசுங்கள்.

ஆக்டினியம், மற்றவை

ஆக்டினியம்-225 ஆல்ஃபா துகளை வெளிவிடும். அது திசுவில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூடப் போகாது. அந்தக் குறுகிய தூரத்தில் செல்லின் டிஎன்ஏவை உடைத்துப் போடும். 2016இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் இருந்து வெளிவந்த படங்கள் எல்லோரையும் நிமிர்ந்து உட்காரவைத்தன. உடல் முழுக்கப் பரவியிருந்த நோய், சிகிச்சைக்குப் பிறகு ஸ்கேனில் தெரியவே இல்லை. இந்தியாவிலும் டெல்லி எய்ம்ஸ் உட்படச் சில இடங்களில் கொடுத்து, முடிவுகளை வெளியிட்டிருக்கிறார்கள். சிக்கல், இதில் வாய் வறட்சி லுட்டீசியத்தைவிட மோசம். சாப்பாடே பிடிக்காமல் சிகிச்சையைப் பாதியில் விட்டவர்கள் உண்டு. ஆக்டினியம் உலகில் கிடைப்பதும் சொற்பம். லுட்டீசியம் கேட்காமல் போனவருக்கு ஒரு வழியாக இதை வைத்துக்கொள்ளலாம். முதல் ஊசியே ஆக்டினியம் என்று யாராவது சொன்னால், ஏன் என்று கட்டாயம் கேளுங்கள்.

நோய் எலும்பில் மட்டும் இருந்தால் ரேடியம்-223 என்ற இன்னொரு கதிரியக்க ஊசி உண்டு. மரபணுச் சோதனையில் பிஆர்சிஏ என்ற மரபணுவில் மாற்றம் தெரிந்தால் ஓலாபாரிப் மாத்திரை உண்டு. இந்தச் சோதனையைச் செய்யாமல் எந்த முடிவுக்கும் போகாதீர்கள். மாத்திரையிலேயே கட்டுப்படக்கூடிய நோயை நீங்கள் தெரியாமல் விட்டுவிடக்கூடும்.

எந்த லுட்டீசியம்?

இந்தக் கேள்வியும் பில் வரும்போது எழும். லுட்டீசியம்-177 இரண்டு வழியில் தயாராகிறது. ஒன்று, லுட்டீசியம்-176ஐ உலையில் வைத்து நியூட்ரானால் தாக்குவது. மும்பை டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் துருவா உலையில் செய்வது இதுதான். அங்கிருந்து அணுசக்தித் துறையின் பிரிட் நிறுவனம் வழியாக ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. இன்னொன்று, இட்டெர்பியம்-176ஐ உலையில் வைத்து, அதிலிருந்து பிறக்கும் லுட்டீசியத்தை வேதியியல் முறையில் பிரித்தெடுப்பது. இரண்டாவது வழியில் கிடைப்பது ஏறத்தாழ முழுக்கக் கதிர்வீசும் அணுக்களே. முதல் வழியில் கதிர்வீசாத லுட்டீசியமும் கலந்திருக்கும். 160 நாள் அரை ஆயுள் கொண்ட லுட்டீசியம்-177எம் என்ற துணை வகையும் துளியூண்டு சேர்ந்துகொள்ளும்; அதனால் ஆஸ்பத்திரிக்குக் கழிவைக் கையாளுவதில் கூடுதல் வேலை.

நோயாளிக்கு இதனால் என்ன? என் பார்வையில், அதிகம் இல்லை. இந்தியாவில் எத்தனையோ பேர் டிராம்பே லுட்டீசியத்தில் பலன் பெற்றிருக்கிறார்கள். அமெரிக்காவில் இந்தச் சிகிச்சை அறிமுகமானபோது ஒரு டோஸின் பட்டியல் விலை சுமார் 42,500 டாலர். இங்கே அதில் சிறு பங்கிலேயே முடிகிறதென்றால் நம் உலையும் நம் வேதியியலாளர்களும்தான் காரணம். அதில் எனக்கு உண்மையிலேயே பெருமை உண்டு. ‘இம்போர்ட்டட்’ என்ற சொல்லுக்காகக் கடன் வாங்காதீர்கள். அந்தப் பணத்தை எஃப்டிஜி ஸ்கேனுக்கும் மரபணுச் சோதனைக்கும் வைத்துக்கொள்ளலாம்.

கேட்க வேண்டியது தேதி. இந்த மருந்தை வாங்கி ஃபிரிட்ஜில் வைக்க முடியாது. திங்கட்கிழமை அளந்த கதிரியக்கம் வெள்ளிக்கிழமைக்குள் மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்துவிடும். 2022இல் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் இருந்த தயாரிப்புக்கூடங்கள் கொஞ்ச காலம் நின்றபோது உலகம் முழுக்க நோயாளிகள் காத்திருக்க நேர்ந்தது. ஆகவே உங்கள் ஆஸ்பத்திரிக்கு லுட்டீசியம் எத்தனை வாரத்துக்கு ஒருமுறை வருகிறது, ஒரு வாரம் வராவிட்டால் என்ன ஏற்பாடு என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

வீட்டையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஊசிக்குப் பிறகு சில நாள் கைக்குழந்தையையும் கர்ப்பிணியையும் நெருங்கக் கூடாது, தனியாகப் படுக்க வேண்டும், நிறைய தண்ணீர் குடிக்க வேண்டும், உட்கார்ந்து சிறுநீர் கழித்து இருமுறை ஃபிளஷ் செய்ய வேண்டும். மகள் பிரசவத்துக்கு வந்திருக்கும் வீடு என்றால் தேதியை முன்கூட்டியே மருத்துவரிடம் பேசி மாற்றிவையுங்கள்.

லுட்டீசியம் என்று முடிவானால், ஆறு ஊசிக்கும் சேர்த்து மனத்தையும் பணத்தையும் கட்டிப்போட வேண்டாம். முதல் இரண்டு ஊசிக்குப் பிறகு நின்று பாருங்கள். பிஎஸ்ஏ இறங்கி வலி குறைந்திருந்தால் தொடருங்கள். படத்தில் நோய் ஏறக்குறைய மறைந்திருந்தால், மீதியை நிறுத்திவைத்து மறுபடி தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள்; தெராபி ஆய்விலேயே அப்படி இடைவெளி விட்டிருக்கிறார்கள். பிஎஸ்ஏ ஏறியே இருந்து, ஸ்கேனில் புதிய இடமும் தெரிந்தால் மூன்றாவது ஊசிக்குத் தேதி வாங்காமல், கீமோ தரும் மருத்துவரிடம் அந்த வாரமே போங்கள்.